ஆக்சில் நட்டை எவ்வளவு இறுக்கலாம்? சேலம் பைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது தெரியாத சக்கர ஆட்டம், இறங்கும்போது பிரேக்கைத் தொட்ட இடத்திலெல்லாம் தெரியும். அப்படி இறங்கி வந்து கோரிமேட்டில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தபடி கேட்கிற கேள்விகள்தான் இங்கே பாதிக்கு மேல். 100 சிசி வண்டியிலிருந்து 350 சிசி வரை பொதுவாகப் பொருந்துகிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் வண்டிக்கான துல்லியமான அளவுக்கு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல்தான் கடைசிச் சொல்.

ஆக்சில் நட்டை இறுக்கும்போது உள்ளே என்னதான் இறுகுது?

பைக்கில் ஆக்சில் சுற்றாது. அது அசையாமல் நிற்கும். சக்கரம்தான் பேரிங் வழியாக அதன்மேல் சுற்றும். பின் சக்கரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), அதையொட்டி ஸ்பேசர் என்ற இடைவளையம், அப்புறம் பேரிங்கின் உள்வளையம், ஹப்புக்குள் கண்ணில் படாமல் கிடக்கும் டிஸ்டன்ஸ் பீஸ் என்ற குழாய், அடுத்த பேரிங்கின் உள்வளையம், இன்னொரு ஸ்பேசர், மறுபக்க ஸ்விங் ஆர்ம். இத்தனையும் ஒரே கம்பியில் கோத்த மணிகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. நட்டை இறுக்கினால் வரிசை மொத்தமும் நெருங்கி ஒரே தூணாகிறது. ஆக்சில் கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது.

ஆகவே நட்டு லூஸாக இருந்தால் தூண் தளர்ந்து, ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக உரசும். ஆக்சிலில் உள்வளையம் சுற்றிய தடம் பளபளவென்று விழும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் செயின் பக்கத்து முனை முன்னால் நகரப் பார்க்கும், சக்கரம் கோணும்.

"டைட் அதிகமானா என்னங்க, பாதுகாப்புதானே?"

இல்லை. நட்டின் வேலை கம்பியை அதன் மீளும் எல்லைக்குள் நீட்டி வைப்பது. எல்லை தாண்டினால் கம்பி திரும்பச் சுருங்காது, பிடி குறையும். அதற்கு முன்பே மரை நசுங்கும், ஸ்பேசரின் விளிம்பு காளான் மாதிரி விரியும், அலுமினிய ஸ்விங் ஆர்மில் வாஷர் பள்ளம் பறிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 30 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 20 கிலோ விசையோடு இழுத்தால் கிட்டத்தட்ட 60 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு). 150 சிசி வண்டியின் பின் ஆக்சிலுக்கு ஏறக்குறைய இதுவே போதும். இப்போது அதே ஸ்பேனரில் ஒரு ஜிஐ பைப்பை மாட்டி, 60 செ.மீ. தள்ளி, 65 கிலோ ஆள் ஏறி நிற்கிறார். 380 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். தேவையைப் போல ஆறு மடங்கு. பட்டறையில் இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்த முறை பஞ்சர் ஆகும்போது அந்த நட்டைக் கழற்ற இன்னும் நீளமான பைப் தேடுவார்கள். கடைசியில் மரையோடு சேர்ந்து வரும்.

"முப்பது வருஷமா கையாலதான் டைட் பண்றேன், ஒண்ணும் ஆகல" என்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணன். அவர் சொல்வது பொய்யா?

பொய்யில்லை. ஒரே மாதிரி வண்டிகளை, ஒரே ஸ்பேனரால், வருஷக்கணக்கில் இறுக்கும் கைக்கு ஓர் அளவு படிந்துவிடும். ஆனால் அந்தக் கை காலை பத்து மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஒன்றல்ல. அவர் ஊருக்குப் போயிருந்தால் இறுக்குவது பையன். வண்டி புது மாடல் என்றால் மரை அளவே வேறு. அனுபவம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே நம்பர் சொல்கிறவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள். நட்டின் இறுக்கம் மட்டும் காதுக்கோ கைக்கோ சரியாகப் பிடிபடாத விஷயம்.

என் வண்டிக்கு எவ்வளவு வைக்கணும்?

100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளில் பின் ஆக்சில் நட் பெரும்பாலும் 50-க்கும் 70 நியூட்டன் மீட்டருக்கும் இடையில் இருக்கும். பெரிய வண்டிகளில் 90, 100 என்று போகும். இது திசை காட்டத்தான். மேனுவலில் உள்ள எண்ணைத்தான் செட் செய்ய வேண்டும்.

அலகில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழைய புத்தகங்களில் கிலோகிராம் மீட்டர் என்று இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். 6 என்று போட்டிருந்தால் 59. வெளிநாட்டுக்காரர்களின் வீடியோவில் சொல்வது அடி-பவுண்டு, அதை 1.356-ஆல் பெருக்க வேண்டும். முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சின் குழலில் இரண்டு அளவுகோலும் எதிரெதிர்ப் பக்கத்தில் பொறித்திருக்கும். அடி-பவுண்டுப் பக்கத்தைப் பார்த்து 60 வைத்தால் நட்டுக்குப் போவது 81. முதலில் குழலைத் திருப்பி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட வேண்டும்.

எந்த டார்க் ரெஞ்ச் வாங்கலாம்?

வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் 3/8 அங்குல முனையுள்ள, 20-லிருந்து 100 அல்லது 110 நியூட்டன் மீட்டர் வரை போகும் கிளிக் வகை. வைத்த அளவு வந்ததும் அது "டிக்" என்று சத்தம் போடும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 1/2 அங்குல ரெஞ்ச் 28-லிருந்து 210 வரை போகும். கார் சக்கரத்துக்கு அது நல்லது. பைக் ஆக்சிலுக்கும் ஆகும், ஆனால் நீளம் அதிகம். அளவுகோலின் அடிமட்டத்தில் எந்த ரெஞ்சும் நம்பகமாக இருக்காது. மொத்த அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பாமல் இருப்பது நல்லது. எம்6 (6 மி.மீ. மரை) போல்டுகளுக்கு 10, 12தான் தேவை. அதற்கு இந்த இரண்டும் உதவாது, தனியாகச் சின்னது வேண்டும்.

முள் காட்டும் பழைய பீம் வகையைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். உள்ளே ஸ்பிரிங் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நேராகக் குனிந்து பார்க்க முடியாத இடத்தில் அளவைப் படிப்பதுதான் கஷ்டம்.

கிளிக் வகையில் அளவு வைப்பது எப்படி?

கைப்பிடியின் அடியில் உள்ள பூட்டைத் தளர்த்துங்கள். கைப்பிடியைத் திருகினால் அதன் விளிம்பு குழலிலுள்ள கோடுகளைத் தாண்டி மேலே போகும். 60 வேண்டும், குழலில் 56-க்குக் கோடு இருக்கிறது என்றால், கைப்பிடியின் பூஜ்யத்தை 56-இன் நடுக்கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து கைப்பிடியிலுள்ள எண்ணில் 4 வரும்வரை திருகுங்கள். பூட்டுங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி கீழிருந்து மேலே வந்து நிறுத்துங்கள்.

ரொம்ப நாள் பெட்டிக்குள் கிடந்தது என்றால், முதலில் குறைந்த அளவில் வைத்து நாலைந்து முறை கிளிக் செய்யவிட்டு எடுங்கள். உள்ளே உறைந்த கிரீஸ் பரவும்.

இழுக்கும்போது கைப்பிடியின் நடுவில் கை இருக்க வேண்டும். குழலைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும். ஒரே சீராக, மெதுவாக. வெடுக்கென்று இழுத்தால் கிளிக் வருவதற்குள் நட்டு தாண்டிப் போயிருக்கும்.

ஒரு தடவை "டிக்" போதுமா? உறுதிக்கு இன்னொரு தடவை வைக்கலாமா?

ஒன்றே போதும். நிறுத்துங்கள். மூன்று தடவை டிக் டிக் என்று வைப்பவர் ஒவ்வொரு தடவையும் நட்டைக் கொஞ்சம் நகர்த்துகிறார். ஐந்து ரோடு மாதிரி இரைச்சலில் வேலை செய்தால் சத்தம் கேட்காது. கையில் வரும் சின்னத் துள்ளலைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று. ஏற்கெனவே இறுகிய நட்டில் ரெஞ்சை வைத்ததும் டிக் என்றால், "சரியா இருக்கு" என்று அர்த்தமில்லை. 60-க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், 150 கூட. சந்தேகமிருந்தால் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள்.

கழற்றவும் அதையே பயன்படுத்தலாமா?

கூடாது. அது அளக்கும் கருவி. கழற்ற ரிங் ஸ்பேனரோ பிரேக்கர் பார் என்ற நீளக் கைப்பிடியோ எடுங்கள்.

சைலன்சர் தடுக்குது. எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறுமா?

சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவில் நேராகப் போடும் எக்ஸ்டென்ஷன் அளவை மாற்றாது. பக்கவாட்டில் நீட்டும் க்ரோஃபூட் ஸ்பேனரை ரெஞ்சோடு நேர்க்கோட்டில் மாட்டினால் மாற்றும். ரெஞ்ச் 40 செ.மீ., க்ரோஃபூட் நீட்டுவது 4 செ.மீ. என்றால், நட்டுக்கு 66 வேண்டுமென்றால் 60-இல் வைக்க வேண்டும். அதையே ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் கணக்கே வேண்டாம், 66-இல் வைக்கலாம்.

ஆக்சிலுக்கு கிரீஸ் போடணுமா, மரைக்கு ஆயில் விடணுமா?

ஆக்சிலின் உடல் பகுதியைத் துடைத்து, துருவை நைஸ் எமரியால் எடுத்து, மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

மரை வேறு விஷயம். நீங்கள் நட்டில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. பாதி நட்டின் அடிப்பரப்பில், மீதியில் பெரும்பங்கு மரையில். கம்பியை நீட்டுவது மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்குதான். மரைக்கு ஆயில் விட்டால் உராய்வு குறைந்து, அதே 60-இல் கம்பி கணிசமாக அதிகம் நீளும். துருப்பிடித்த மரையில் நேர்மாறு: ரெஞ்ச் 60 என்று டிக் அடிக்கும், கம்பியில் இழுப்பே இருக்காது. மேனுவல் ஒன்றும் சொல்லாவிட்டால் மரை சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். ஆயில் விடச் சொல்லியிருந்தால் விடுங்கள். அந்த எண் அதற்கென்றே கணக்கிட்டது. ஒயர் பிரஷால் மரையைத் தேய்த்துவிட்டு, நட்டைக் கையாலேயே கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் சிக்கினால் அந்த இடத்தில் மரை அடிபட்டிருக்கிறது.

நைலான் வளையம் வைத்த நட்டு கையால் ஓடக் கூடாது. ஓடினால் நைலான் தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள்.

பேரிங் போயிடுச்சா, கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போயிடுச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அப்புறம் 3, 9. எல்லா இடத்திலும் ஆடினால் பேரிங் மேல் சந்தேகம். முன் சக்கரத்தில் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது ஹேண்டில் கழுத்தில் தட்டினால் அது கோன் செட். பின் சக்கரத்தில், ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து சக்கரம் மொத்தமாக ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ். ஒரு கையை ஸ்விங் ஆர்ம்மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை ஆட்டினால் வித்தியாசம் புரியும்.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு விரலை பேரிங்கின் உள்வளையத்துக்குள் விட்டுச் சுழற்றுங்கள். வெண்ணெய் மாதிரி போகாமல் கடகடவென்று பிடித்துப் பிடித்துப் போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பேரிங் மாற்றியதிலிருந்து, நட்டை இறுக்கினால் சக்கரம் சுத்த மாட்டேங்குது. லூஸ் பண்ணினால் நல்லா சுத்துது. ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு டிஸ்டன்ஸ் பீஸ்தான். பழைய பேரிங்கைத் தட்டி எடுக்கும்போது அது கீழே விழுந்து, திரும்பப் போட மறந்திருப்பார்கள். அல்லது பழையது தேய்ந்ததென்று லேத்தில் கடைந்து, ஒரு மில்லி மீட்டர் குட்டையாக வந்திருக்கும். அப்போது நட்டின் நெருக்கத்தைக் குழாய் தாங்காமல், அது பேரிங்கின் உள்வளையத்தை ஒருபக்கமாகத் தள்ளும். குண்டுகள் நசுங்கிக்கொண்டு ஓடும். சக்கரம் சுற்ற வேண்டுமென்பதற்காக நட்டை லூஸாக விட்டு அனுப்பும் ஆட்களும் உண்டு. அந்த வண்டியில் ஏற்காடு இறங்கக் கூடாது.

மாற்றும் முறை இது. பேரிங்கின் எண் அதன் பக்கத்தில் பொறித்திருக்கும். 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. 6302 என்றால் 15, 42, 13. 6202 என்றால் 15, 35, 11. அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இருபுறமும் ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் வகை நம் ஊர் மழைக்கும் தூசிக்கும் நல்லது. புதியதை உள்ளே இறக்கும்போது தட்டுவது வெளிவளையத்தில் மட்டும். உள்வளையத்தில் ஒரு தட்டு விழுந்தாலும் குண்டின் பாதையில் தழும்பு விழும். பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தட்டலாம், அல்லது வெளிவளையத்துக்குப் பொருந்தும் சாக்கெட். ஒரு பக்கப் பேரிங்கை அடிவரை இறக்குங்கள். டிஸ்டன்ஸ் பீஸைப் போடுங்கள். மறுபக்கப் பேரிங்கை, அதன் உள்வளையம் டிஸ்டன்ஸ் பீஸைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். தொட்டதும் தட்டும் சத்தம் கனமாக மாறும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு அடி அடித்தால் புதுப் பேரிங் அன்றைக்கே பாதி ஆயுசு இழக்கும்.

கழற்றி எடுத்த பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்து மறுபடி போடாதீர்கள். உள்வளையத்தில் அடித்துத்தான் அதை எடுத்திருப்பீர்கள்.

பள்ளத்தில் விழுந்ததில் ஆக்சில் கோணிவிட்டது. லேத்தில் பெண்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார்கள்.

வேண்டாம். ஆக்சில் வெப்பப் பதப்படுத்திய எஃகு. ஒரு முறை வளைந்து மறுபடி நிமிர்ந்த இடத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் கிளம்பும். கடைசல் கம்பியில் புதிதாகச் செய்து தருவதும் அதே ரகம். வடிவம் ஒன்றாக இருக்கும், பலம் இருக்காது. ஒரிஜினல் ஆக்சிலின் விலை ஒரு டயரின் விலையை விடக் குறைவு.

கோணல் இருக்கிறதா என்று பார்க்க, தடித்த கண்ணாடிமேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் கோணல். சரியாக அளக்க இரண்டு வி பிளாக்கில் கிடத்தி, நடுவில் டயல் கேஜ் வைத்துச் சுற்ற வேண்டும். முள் ஆடிய மொத்த அளவில் பாதிதான் கோணல். பல கம்பெனிகள் 0.2 மி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன, சில 0.25.

ஆக்சில் சிக்கிக்கொண்டு வரவே மாட்டேங்குது.

துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, டீ குடித்துவிட்டு வாருங்கள். நட்டைக் கழற்றிவிட்டு மரை முனையில் நேராகச் சுத்தியால் அடிப்பதுதான் பெரும்பாலான ஆக்சில்கள் சாகிற விதம். நட்டைத் திரும்ப மாட்டி, ஆக்சிலின் முனையோடு சமமாக நிறுத்தி, மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்துத் தட்டுங்கள். மறுமுனையில் தலை இருந்தால் ஸ்பேனர் போட்டு இடவலமாகத் திருப்பிக்கொண்டே தட்டினால் சீக்கிரம் இளகும். கேஸ் வெட்டும் விளக்கைக் கொண்டு வரச் சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பேரிங் சீலும் கிரீஸும் அதில் வெந்துவிடும்.

பஞ்சர் போட்ட பிறகு நான் தனியாக எதையாவது பார்க்கணுமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. ட்யூப் டயர் வண்டியில் ஆக்சில் கழன்று மாட்டப்படுவது சர்வீஸில் அல்ல, பஞ்சர் கடையில்தான். வெள்ளாளப்பட்டியிலோ ஏற்காடு ஏரிப் பக்கமோ, அவசரத்தில், நின்றபடி, கையில் கிடைத்த ஸ்பேனரால். அந்தத் தம்பி மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் வேலை ஒட்டுப் போடுவது. மாட்டியதைச் சரிபார்ப்பது உங்கள் வேலை.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பேனல், அதாவது பிரேக் ஷூக்களைத் தாங்கும் தட்டு. டிரம் பிரேக்கில், பேனல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் இருக்க அதை ஒரு கம்பியோ தண்டோ ஸ்விங் ஆர்மோடு பிணைத்திருக்கும். அதன் நட்டு கழலாமல் பூட்ட ஒரு சின்ன ஸ்பிளிட் பின். முன் சக்கரத்தில் பேனலின் பள்ளம் ஃபோர்க்கின் மேட்டில் உட்கார வேண்டும். இது விட்டுப்போனால், முதல் பலமான பிரேக்கில் பேனல் சுற்றி, பிரேக் கம்பியை அறுத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். நூற்றுக்கு ஒரு தடவை நடந்தாலும் அது வளைவில்தான் நடக்கும், ஏனென்றால் பலமாகப் பிரேக் பிடிப்பது அங்கேதான். குனிந்து பார்க்க ஐந்து விநாடி.

அடுத்து, ஸ்பேசர்கள் இடம் மாறாமல் இருக்கின்றனவா, செயின் அட்ஜஸ்டர் கோடு இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் நிற்கிறதா. டார்க் ரெஞ்ச் வீட்டில் இருந்தால், மலையில் ஆனது தற்காலிக இறுக்கம் என்று நினைத்து மெதுவாக இறங்கி, வீட்டில் அளவாக இறுக்குங்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர வித்தியாசம். அத்தனை இறக்கத்தையும் பிரேக்கால் மட்டும் இறங்காமல், இரண்டாம் கியரில் விட்டு எஞ்சின் பிடிக்க இறங்கினால் ஹப்பும் டிரம்மும் சூடாகாது.

செயின் டைட் பண்ணும்போது சரியான வரிசை என்ன?

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு அட்ஜஸ்டரையும் சம அளவில் திருகி, செயின் தொய்வைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ.; ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கர் இருந்தால் அதன்படி. பிறகு, செயினுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் மடித்த துணியை வைத்து, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி இறுக்கமாக நிறுத்துங்கள். விரலைத் துணிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். செயின் கணக்குப் பார்க்காது. இந்த இழுப்பு ஆக்சிலை அட்ஜஸ்டரோடு ஒட்டி நிற்க வைக்கும். டிரம் பிரேக் என்றால் இப்போது பெடலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நட்டை அளவுக்கு இறுக்குங்கள். ஷூ டிரம்முக்கு நடுவாக உட்காரும். இறுக்கிய பிறகு தொய்வை மறுபடி பாருங்கள்.

60-க்கு இறுக்கியாச்சு, ஸ்பிளிட் பின் ஓட்டைக்கு நேரா நட்டோட காடி (வெட்டு) வரல. கொஞ்சம் லூஸ் பண்ணலாமா?

லூஸ் செய்யாதீர்கள். அடுத்த காடி வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பின் ஒவ்வொரு தடவையும் புதிது. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது இரண்டு ரூபாய் மிச்சம் பிடிப்பது.

முன் சக்கரத்துக்கு வேற ஏதாவது உண்டா?

இரண்டு விஷயம். மீட்டர் வார்ம் (ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றும் பல்சக்கரம்) உள்ள வண்டிகளில், வார்மின் பற்கள் ஹப்பின் காடியில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் ஆக்சிலை இறுக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் கேபிள் முனை சுற்றுகிறதா பாருங்கள். உட்காராமல் இறுக்கினால் பற்கள் நசுங்கும், மீட்டர் செத்துப்போகும்.

ஃபோர்க்கின் அடியில் ஆக்சிலைக் கவ்வும் கிளாம்ப் போல்டு இருந்தால், முதலில் ஆக்சிலை இறுக்கி, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். இரண்டு கால்களும் தங்கள் இடத்தில் நிற்கும். அதன் பிறகே கிளாம்ப் போல்டு. அது அலுமினியத்தில் மரை வெட்டிய இடம். பெரும்பாலும் 15 முதல் 25 வரைதான். ஆக்சிலுக்கு வைத்த 60-ஐ மாற்றாமல் இதையும் இறுக்கினால் மரை பிய்த்துக்கொண்டு வரும். வந்துவிட்டால் ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல வேலை, கூச்சப்பட வேண்டியதில்லை.

வாங்கிய டார்க் ரெஞ்ச் சரியாகத்தான் காட்டுகிறதா?

ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி கிளிக் வகைக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம் வரை அனுமதி. 60 வைத்தால் 57.6-இலிருந்து 62.4 வரை எதுவும் சரி. ஆக்சிலுக்கு இது தாராளம். தொழிலாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 5,000 முறை இறுக்கியபின் அளவு சரிபார்க்கச் சொல்கிறார்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகங்கள் கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் செய்து தருகின்றன.

வீட்டில் தோராயமாகப் பார்க்க அரிசி மூட்டை போதும். 2022-இல் 25 கிலோ வரையிலான பேக்குகளுக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 26 கிலோ மூட்டைதான் லீ பஜாரில் தாராளமாகக் கிடைக்கிறது; நமக்கு அதுவும் வசதி. வைஸில் ஒரு போல்டைப் பிடித்து, ரெஞ்சை அதில் கிடையாக மாட்டி, சதுர முனையின் மையத்திலிருந்து சரியாக 30 செ.மீ. தள்ளிக் கைப்பிடியில் கயிறு கட்டி மூட்டையைத் தொங்கவிடுங்கள். 26 × 9.81 × 0.3, அதாவது 76.5. ரெஞ்சின் சொந்த எடை ஒன்றிரண்டு கூட்டும். 70-இல் வைத்தால் டிக் அடிக்க வேண்டும், 85-இல் வைத்தால் அடிக்கக் கூடாது. இரண்டும் நடந்தால் ஆக்சில் வேலைக்கு நம்பலாம். மூட்டைக்குக் கீழே காலை வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்சை எப்படி வைப்பது?

அளவுகோலின் ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள். 60-இலேயே விட்டால் ஸ்பிரிங் அழுந்தியே கிடந்து களைக்கும். குறைந்த எண்ணுக்கும் கீழே திருகினால் உள்ளே உறுப்புகள் கழன்று இடம் மாறும். பெட்டியிலேயே இருக்கட்டும், கீழே விழுந்தால் மறுபடி மூட்டைச் சோதனை.

மழைக்காலத்தில் பேரிங் சீக்கிரம் போவது உண்மையா?

உண்மை, ஆனால் பழியை மழைமேல் மட்டும் போடாதீர்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை நேராக ஹப் நடுவில் அடிப்பது அதைவிட மோசம். மழை சீலைத் தாண்டாது. அந்தத் தண்ணீர் தாண்டும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத் தூசி, எஸ்டேட் சாலைகளில் சிவப்புச் சேறு. இரண்டும் சீல் விளிம்பில் ஒட்டி, எமரி மாதிரி தேய்க்கும். ஸ்பேசரைத் துடைத்து, சீல் உதட்டில் மெல்லிய கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொன்னால் கோபப்படுவாரா?

எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "அண்ணா, நீங்க மாட்டி முடிங்க, கடைசி இறுக்கு மட்டும் என்னோட ரெஞ்சுல பாத்துக்கலாமா" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். காற்றில் ஓடும் கன்னால் கடைசி இறுக்கு வைப்பவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கையால் நட்டைத் தொட வைத்து விட்டால் போதும் என்று.

நண்பர் டார்க் ரெஞ்சைக் கடன் கேட்கிறார். கொடுக்கலாமா?

அதை வைத்து நட்டைக் கழற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் கொடுங்கள். கூடவே ஒரு பிரேக்கர் பாரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.